பழைய காரின் கதவு வினைல் பிரிகிறதா?

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇ-யைப் புதுப்பித்து இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம் என்று வைத்திருக்கும் காரில், கதவின் உட்பக்க வினைலைக் கொஞ்சம் கவனியுங்கள். திறந்தவெளியில் நிறுத்தும் கார் என்றால் வெயிலில் வினைல் இறுகிச் சுருங்கும், அப்புறம் பசை விட்டுவிடும். என் காரில் ஜன்னலோரம் இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது. புது உறை வாங்கத் தேவையே இல்லை, ஒட்டினாலே போதும்.

ஒட்டுவதைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. பழைய பசை காய்ந்து பழுப்புத் தூளாக உதிரும். அதை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் இரு பக்கமும் துடையுங்கள். பளபளப்புக்காக எப்போதோ தடவிய சிலிக்கான் பாலிஷ் மிச்சமிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

சூப்பர் குளூ வேண்டாம். கல்லாக இறுகி விளிம்பு வெடிக்கும். வெப்பம் தாங்கும் காண்டாக்ட் பசையை இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். சுமார் 10 நிமிடம் ஆகும், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தையும் பாருங்கள். வினைலை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கினால் இழுவை கொடுக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள். ஒட்டிய இடத்தைப் பிரித்து ஒட்ட முடியாது, நிதானம் முக்கியம்.

கதவுகளைத் திறந்துவைத்தே செய்யுங்கள், பசை நெடி தலைவலி கொடுக்கும்.