‘ஹோல் நைன் யார்ட்ஸ்’: ஒரு மரபுத்தொடரின் பிறப்பைச் சோதிப்பது எப்படி?

‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரை ‘முழு ஒன்பது கெஜம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. கூட வரும் வினையைப் பார்க்க வேண்டும். சொல்வதைப் பற்றி வந்தால் ‘ஒன்றுவிடாமல்’ என்றும், செய்வதைப் பற்றி வந்தால் ‘பாதியில் விடாமல் கடைசிவரை’ என்றும் கொள்ளலாம்.

பொருள் எளிது, பிறப்பைத் தேடுகையில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். யார்டு என்பது நீள அளவு. கான்கிரீட் வணிகத்தில் அதுவே கன அளவு. பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பத்துக்கும் அதே பெயர். ஆகவே, இரண்டாம் உலகப் போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது ஒன்பது யார்டு நீளம், கான்கிரீட் லாரியின் கொள்ளளவு ஒன்பது கன யார்டு, மூன்று பாய்மரங்களில் மும்மூன்று கம்பங்கள் என்றெல்லாம் கண், காது, மூக்கு வைத்த கதைகள் கிளம்பிவிட்டன.

கதை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று பார்க்காமல், முதலில் ஆண்டைத் தேடுங்கள். பழைய செய்தித்தாள்களின் மின்தொகுப்பில் தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, முடிவுகளைக் கால வரிசைப்படி அடுக்க வேண்டும். 1907-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மிட்செல் என்ற சிற்றூரின் பத்திரிகை ஒன்று, உள்ளூர் வணிகர்களோடு நடக்கவிருந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதுகையில், அவர்கள் தாங்கும் மட்டும் ஆட்டம் நடக்கும், ‘ஃபுல் நைன் யார்ட்ஸ்’ நடக்கும் என்று உறுதி கூற முடியாது என்றது. இந்த ஒரு வரியிலேயே போர்க் கதையும் லாரிக் கதையும் அடிபட்டுப் போகின்றன.

கப்பல் கதை மட்டும் ஆண்டுக்குத் தப்பிவிடும். அதற்கு எண்ணை மாற்றித் தேட வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதேயில்லை. 1912-ல் கென்டக்கி மாநிலப் பத்திரிகையில், அரசியல்வாதிகள் சண்டை முற்றினால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள் என்னும் பொருளில், ‘ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’ என்று வந்திருக்கிறது. ஒன்பதும் ஆறும் ஒரே காலத்தில் ஒரே பொருளில் வழங்கின என்றால், கப்பலிலோ வேறெங்கோ ஒன்பதை எண்ணிக் காட்டுவது சான்றாகாது.

குறிப்பேட்டில் இப்படி எழுதிவையுங்கள்: ‘தோற்றம் உறுதியில்லை; அச்சில் 1907 முதல்; ஆறு யார்டு வடிவமும் உண்டு.’ இன்னும் பழைய பதிவு கிடைத்தால் ஆண்டை மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.