லேக் டிஸ்ட்ரிக்டில் காட்டேஜ் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்த கோடையில், இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்டில், அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கம் ஒரு வாரத்துக்கு காட்டேஜ் எடுத்தோம். விளம்பரத்தில் ஏரி தெரியும் என்று போட்டிருந்தது உண்மைதான், ஜன்னல் திரையை விலக்கினால் தண்ணீர் நேர் எதிரே கிடந்தது. ஆனால் காரை நிறுத்தும் இடத்திலிருந்து வாசலுக்குப் போக, கைப்பிடி இல்லாத 38 கல் படிகள் ஏற வேண்டும் என்பது எந்தப் படத்திலும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏழு நாளில் இரண்டே முறைதான் கரைக்கு வந்தார், மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் அந்தப் பக்கம் போகிறோம், ஆனால் இப்போது வீட்டின் படங்களைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது வரைபடம். நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல், வரைபடம் பார்க்காததால் வருபவைதான்.

எந்தப் பள்ளத்தாக்கு என்று யோசிக்காமல் எடுப்பது

"லேக் டிஸ்ட்ரிக்ட்" என்று தேடி, நம் பணத்துக்குள் அழகாக இருக்கிற வீட்டை எடுத்துவிடுகிறோம். அது ஒரே ஊர் இல்லை. 2,362 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அது. நடுவில் மலைகள், அங்கிருந்து நாலா பக்கமும் பிரிந்து போகும் பள்ளத்தாக்குகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மலைக் கணவாயைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் வெளியே வந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். வாஸ்டேல் ஹெட்டிலிருந்து பாரோடேலில் இருக்கும் சீத்வெயிட்டுக்கு மலைப்பாதையில் நடந்தால் சில மைல்தான். காரில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாஸ்டேலில் வீடு எடுத்துவிட்டு தினமும் விண்டர்மியரில் படகு, கிராஸ்மியரில் மதியச் சாப்பாடு என்று திட்டம் போட்டால் விடுமுறை முழுக்க காருக்குள்தான் கழியும்.

அதிலும் மேற்கிலிருந்து ஆம்பிள்சைடுக்கு வழி கேட்டால் ஜிபிஎஸ் சில நேரம் ஹார்ட்நாட், ரைனோஸ் கணவாய்கள் வழியாகக் குறுக்கே அனுப்பிவிடும். அங்கே சில இடங்களில் ஏற்றம் மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்றடி முன்னால் போனால் ஒரு அடி மேலே. பாதையும் ஒரே கார் அகலம்தான், எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். பழக்கமில்லாதவர்கள், அதுவும் வாடகைக் காரில் பெரியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து அந்த வழியை எடுக்காதீர்கள்.

எம்6 மோட்டார்வேயில் 36ஆம் சந்திப்பில் இறங்கினால் கெண்டல், விண்டர்மியர், ஆம்பிள்சைடு என்று தெற்குப் பக்கம். 40ஆம் சந்திப்பில் இறங்கினால் பென்ரித், கெஸிக், அல்ஸ்வாட்டர். முதல்முறை போகிறவர்கள் இந்த இரண்டு பக்கங்களில் ஏதாவது ஒன்றில் தங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வாஸ்டேல், எஸ்க்டேல், என்னர்டேல் எல்லாம் அவ்வளவு அமைதி, அவ்வளவு அழகு, ஆனால் மோட்டார்வேயை விட்ட பிறகும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டியிருக்கும். அங்கே போனால் அந்த ஒரு பள்ளத்தாக்கிலேயே இருந்துவிட்டு வரும் மனநிலையோடு போங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆக்ஸன்ஹோமில் ரயில் மாறினால் விண்டர்மியர் ஊருக்கே போய் இறங்கலாம், அங்கிருந்து 555 பஸ் ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாக கெஸிக் வரை போகிறது. அந்தப் பஸ் வழியில் நடந்துபோகும் தூரத்தில் வீடு இருந்தால் கார் இல்லாமலே சமாளித்துவிடலாம். "பஸ் நிறுத்தம் அருகில்" என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தால், அந்த பஸ் நீங்கள் போகும் மாதத்தில் ஓடுகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, மாலையில் கடைசி பஸ் எப்போது என்று பாருங்கள். குளிர்காலத்தில் நேரப்பட்டியல் சுருங்கிவிடும்.

ஏரி தெரிவதும் ஏரிக்குப் போக முடிவதும் வேறு வேறு

"லேக் வியூ" என்று போட்டிருந்தால் எந்த அறையிலிருந்து என்று கேளுங்கள். மாடிக் குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரிவதையும் அப்படித்தான் எழுதுவார்கள். படம் குளிர்காலத்தில் எடுத்ததா என்றும் பாருங்கள், ஓக் மரங்கள் இலை விட்டுவிட்டால் ஜூலையில் ஏரி மறைந்துபோகும்.

அப்புறம், கரை. விண்டர்மியர் இங்கிலாந்தின் மிகப்பெரிய இயற்கை ஏரி, சுமார் 17 கிலோமீட்டர் நீளம், ஆனால் அதன் கரையில் நிறைய இடம் தனியாருக்குச் சொந்தம். வீட்டு வாசலிலிருந்து 200 மீட்டரில் தண்ணீர் இருக்கும், இறங்க வழி இருக்காது. அல்ஸ்வாட்டரின் மேற்குக் கரையை ஒட்டி ஏ592 சாலை போகிறது, சில இடங்களில் நடைபாதை கிடையாது, சின்னக் குழந்தைகளோடு அந்தச் சாலையோரம் நடப்பது பயமாக இருக்கும். பாசன்த்வெயிட் ஏரியின் மேற்குப் பக்கம் ஏ66 ஓடுகிறது, அமைதி தேடிப் போகிறவர்களுக்கு லாரிச் சத்தம் காதில் விழும். இதெல்லாம் வரைபடத்திலும் வீதிப் படத்திலும் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை. வரைபடத்தில் வீட்டைச் சுற்றி உயரத்தைக் காட்டும் கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே படியோ செங்குத்தான பாதையோ இருக்கிறது என்று அர்த்தம்.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் "தரைத்தளத்தில் படுக்கையறை உண்டா" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி, கைப்பிடி உண்டா, இரவில் விளக்கு உண்டா, உள்ளே மாடிப்படி எவ்வளவு செங்குத்து, குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்காமல் குளிக்க முடியுமா, எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய கல் வீடுகளில் மாடிப்படி ஏணி மாதிரி இருக்கும், விட்டங்கள் தலையில் இடிக்கும் உயரத்தில் இருக்கும். தேசியப் பூங்காவே 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் சக்கர நாற்காலிக்கும் மெதுவாக நடக்கிறவர்களுக்கும் ஏற்ற பாதைகளைப் பட்டியலிட்டிருக்கிறது, அதில் ஒரு பாதைக்குப் பக்கத்தில் வீடு தேடலாம். அடுத்த முறை அம்மா வந்தபோது கெஸிக்கில் எடுத்தோம். படகுத்துறையிலிருந்து ஃப்ரையர்ஸ் கிராக் வரை ஏரியோரமாகவே போகும் சமமான பாதையில் தினமும் சாயங்காலம் அவரே கிளம்பிவிடுவார்.

மழையை மறந்துவிடுவது

ஏரிகள் நிறைந்திருப்பதே மழையால்தான். சீத்வெயிட்டில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, ஆட்கள் குடியிருக்கும் இடங்களில் இங்கிலாந்திலேயே அதிக மழை அங்குதான் என்பார்கள். அதனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வெயில் நாளை மட்டும் நினைக்காமல், நான்கு பேர் முழுக்க நனைந்து, பூட்ஸில் சேற்றோடு வீட்டுக்குள் நுழையும் ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். பூட்ஸ் கழற்ற வாசலில் இடம் இருக்கிறதா, ஜாக்கெட்டைக் காயப்போட ரேடியேட்டரோ தனி அறையோ இருக்கிறதா, துணி துவைக்கும் இயந்திரம் உண்டா? வெளியே போக முடியாத நாளில் எல்லோரும் ஒன்றாக உட்கார ஹாலில் இடம் போதுமா? "ஆறு பேர் தங்கலாம்" என்று எழுதிய வீட்டில் சோபாவைப் படுக்கையாக விரித்தால்தான் ஆறு பேர் ஆகும் என்பதும், சாப்பாட்டு மேசையில் நாலே நாற்காலி என்பதும் மழை நாளில்தான் உறைக்கும்.

வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை பெய்தது. பூலி பிரிட்ஜ் ஊரின் பழைய பாலம் அடித்துக்கொண்டு போனது, கிராஸ்மியருக்கும் கெஸிக்குக்கும் நடுவே ஏ591 அறுந்து, அடுத்த மே மாதம்தான் திறந்தது. ஓடையை ஒட்டிய காட்டேஜ் படத்தில் கொள்ளை அழகு, நானும் ஆசைப்படுவேன். ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவதென்றால், அரசின் இணையதளத்தில் அந்த அஞ்சல் குறியீட்டைப் போட்டு வெள்ள அபாயம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் எந்த மாதமானாலும், தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே வேலி இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் கடைசியில் பகல் ஏழரை மணி நேரத்துக்கும் குறைவு, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் வெயில் வாசலையே தொடாது. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். விலை பாதிதான் என்று குளிர்காலத்தில் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அப்போது வீடுதான் முக்கியம், சூடும் வசதியும் சரியாக இருக்க வேண்டும். கோடையில் வீடு சுமாராக இருந்தாலும் வெளியிலேயே இருந்துவிடலாம்.

வீட்டுக்குள் கேட்க மறப்பவை

நம் ஆட்களுக்கு முதல் கேள்வி அடுப்பு. இண்டக்ஷன் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் வேலை செய்யாது. காந்தம் ஒட்டும் பாத்திரம் கொண்டுபோனால் பிழைத்தோம். சில பண்ணை வீடுகளில் ஆகா அடுப்பு இருக்கும், எப்போதும் சூடாகவே இருக்கும் கனமான இரும்பு அடுப்பு, அதில் தீயைச் சட்டென்று கூட்டவோ குறைக்கவோ முடியாது, தோசை வார்க்க நினைத்தால் பொறுமை வேண்டும். புகை உறிஞ்சும் விசிறி இருக்கிறதா என்றும் கேளுங்கள், தாளித்தவுடன் புகை அலாரம் அலறினால் ராத்திரி எல்லோருக்கும் கஷ்டம். புளி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். பெரிய சூப்பர்மார்க்கெட் என்றால் கெண்டல், பென்ரித், கெஸிக், விண்டர்மியர் மாதிரி ஊர்களில்தான், உள்ளே போய்விட்டால் கிராமக் கடைதான், அதுவும் சீக்கிரம் மூடிவிடும்.

சூட்டுக்கு என்ன எரிபொருள், அதன் செலவு வாடகையில் சேர்ந்ததா, மின்சாரம் மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்களா? விறகு முதல் கூடை மட்டும் இலவசம் என்பது வழக்கமான ஏற்பாடு. விறகு அடுப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் இப்படி வாடகைக்கு விடும் சின்ன வீடுகளுக்கும் தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். பல வீடுகளில் கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகும், டாய்லெட்டில் ஈரத் துடைப்பான், டயப்பர் போட்டால் அடைத்துக்கொள்ளும். குடிநீரும் ஊற்றிலிருந்து வரலாம், கைக்குழந்தைக்குப் பால் கலக்கிறவர்கள் வடிகட்டியும் பரிசோதனையும் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் சில பள்ளத்தாக்குகளில் சுத்தமாக இருக்காது. தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் நெட்வொர்க் எப்படி என்று காட்டும். சாவிப் பெட்டியின் எண்ணும் வழிக்குறிப்பும் ஈமெயிலில்தான் வரும், அதை மோட்டார்வேயில் இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காவிட்டால் வாசலில் நின்று திணற வேண்டியதுதான்.

பணம் கட்டும்போது

பள்ளி விடுமுறையில் பெரும்பாலான வீடுகள் வெள்ளி அல்லது சனி தொடங்கி முழு வாரத்துக்குத்தான் கிடைக்கும். மற்ற நேரத்தில் வெள்ளி முதல் திங்கள், திங்கள் முதல் வெள்ளி என்று தருவார்கள், திங்கள் முதல் வெள்ளி நான்கு இரவு, பெரும்பாலும் அதுதான் மலிவு.

இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. வீட்டுக்காரரின் ரத்து விதி என்னவோ அதுதான், ஆகவே மீதிப் பணம் எப்போது கட்ட வேண்டும், அதற்குப் பிறகு ரத்து செய்தால் எவ்வளவு போகும் என்பதைப் படித்துவிட்டே கட்டுங்கள். கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டினால் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு 1974ஆம் வருஷ நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது, இடையில் வேறொரு தளம் பணத்தை வாங்கிக் கொடுத்தால் அது பொருந்தாமல் போகலாம். "தளத்துக்கு வெளியே பேசுவோம், வங்கிக் கணக்கில் போடுங்கள், தள்ளுபடி தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தால் வேறு ஊரில் வேறு பெயரில் அதே வீடு வந்து நிற்பதும் உண்டு.

முடிந்தால் பணம் கட்டும் முன் வீட்டுக்காரரோடு ஒருமுறை போனில் பேசுங்கள். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "காரை எங்கே நிறுத்துவது, அங்கிருந்து வாசல் வரை நடந்து காட்டுவது போல் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பக்கத்திலேயே இருக்கிறவர் படி, கதவு, செருப்பு கழற்றும் இடம் வரைக்கும் சொல்லிவிடுவார். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் நான் இதுவரை வீடு எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன்.