சீனப் பேரரசுக் காலத்து நாவல்கள்: வாசகரைக் குழப்பும் சொற்கள்

சீனச் சரித்திர நாவலை எடுத்தவர்கள் பலர் ஐம்பது பக்கத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். பாத்திரங்கள் அதிகம், பெயர்கள் மனதில் நிற்கவில்லை என்பார்கள். பாதிக் குழப்பம் அதனால் வருவதில்லை. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர்கள் இருப்பதைக் கவனிக்காமல், அவர்களை மூன்று நான்கு பேராக எண்ணிக்கொள்வதால் வருகிறது.

குடும்பப் பெயர்தான் முதலில் வரும். லி ஷிமின் என்றால் லி குடும்பம். ஆண்பிள்ளைக்கு இருபது வயதை ஒட்டி இன்னொரு பெயர் சூட்டுவார்கள். நண்பர்களும் சக அதிகாரிகளும் மரியாதையாக அதைத்தான் சொல்லி அழைப்பார்கள். ஜுகே லியாங், கோங்மிங் இரண்டும் ஒருவரே. இயற்பெயரைப் பெற்றோரோ பேரரசரோ சொல்லலாம். சமமானவர் முகத்துக்கு நேரே சொன்னால் அவமதிப்பு. அதனால் ஒரு விருந்துக் காட்சியில் ஒருவர் திடீரென்று மற்றவரை இயற்பெயரால் கூப்பிட்டால், அங்கே பகை வெளிப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இதைத் தவறவிட்டால் காட்சியே கைவிட்டுப் போய்விடும்.

பேரரசர்கள் விஷயம் இன்னும் சிக்கல். காங்ஷி என்பது ஆளின் பெயரல்ல, அவருடைய ஆட்சிக்காலத்துக்கு வைத்த பெயர்; இயற்பெயர் ஷுவான்யே. மிங், சிங் வம்சங்களில் ஓர் ஆட்சிக்குப் பெரும்பாலும் ஒரே காலப்பெயர் என்பதால் அந்தப் பேரரசர்களை அப்படியே குறிப்பிடுகிறோம். அதற்கு முந்தைய பேரரசர்கள் காலப்பெயரைப் பலமுறை மாற்றியவர்கள். தாங் காலத்திலிருந்து அவர்களை, இறந்த பிறகு முன்னோர் கோயிலில் சூட்டப்பட்ட பெயரால் சொல்கிறோம். தாய்சோங் அப்படிப்பட்ட பெயர். தாங் வம்சத்திலும் ஒரு தாய்சோங் உண்டு, சோங் வம்சத்திலும் உண்டு. வம்சத்தைச் சேர்த்தே நினைவில் வையுங்கள். உயிரோடிருக்கும் பேரரசரை ஒரு பாத்திரம் 'தாய்சோங்' என்று அழைத்தால், அந்த எழுத்தாளரை நான் அப்புறம் அவ்வளவாக நம்புவதில்லை.

'வாங்' என்ற பட்டத்தை அரசர் என்று மட்டும் புரிந்துகொள்வதும் தவறு. கி.மு. 221இல் சின் ஷி ஹுவாங் தனக்கெனப் பேரரசர் பட்டத்தை உருவாக்கிக்கொண்ட பிறகு, 'வாங்' அதற்குக் கீழ்ப்பட்ட பட்டமாகிவிட்டது. பெரும்பாலும் பேரரசரின் மகன்களும் தம்பிகளும் அதைப் பெற்றார்கள்.

நேரக் கணக்கில் தமிழ் வாசகருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. 'மூன்றாம் ஜாமம்' என்று படித்ததும் நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம் தோன்றும், ஏனென்றால் நம் இரவுக்கு மூன்று மணி நேரம் கொண்ட நான்கு ஜாமங்கள். சீன இரவுக்கு ஐந்து. ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மணி நேரம், மாலை ஏழு மணிவாக்கில் தொடங்கும். ஆகவே அங்கே மூன்றாம் ஜாமம் இரவு பதினொன்றிலிருந்து ஒன்று வரை. பகலிரவு சேர்ந்த ஒரு முழு நாளையும் பன்னிரண்டு ஷிச்சென்களாகத்தான் பிரித்தார்கள். 'ஒரு ஷிச்சென் காத்திருந்தான்' என்றால் இரண்டு மணி நேரம், நம் கணக்கில் ஐந்து நாழிகை. கொலை நடந்த நேரத்தை வைத்துப் பின்னிய கதையில் இந்த வித்தியாசம் துப்பையே மாற்றிவிடும்.

அதே துப்பறியும் கதைகளில் வரும் மாவட்ட நடுவரை நீதிபதி என்று மட்டும் நினைக்காதீர்கள். வரி வசூல், புலன் விசாரணை, தீர்ப்பு எல்லாம் அவர் கையில். ஆனால் மரண தண்டனையை அவர் தன்னிச்சையாக நிறைவேற்ற முடியாது. வழக்கு மேலே போய், சிங் காலத்தில் பேரரசர் வரைக்கும் செல்லும்.

குடும்ப உறவில், 'இரண்டாம் மனைவி' என்ற சொல்லைப் பார்த்தால் நிதானியுங்கள். சட்டப்படி ஒரே நேரத்தில் ஒரு மனைவிதான். அவள் இறந்தபின் மணந்தவள் முழு மனைவி. காமக்கிழத்தியோ மனைவி உயிரோடிருக்கும்போதே வீட்டுக்கு வருபவள், எப்போதும் ஒரு படி கீழே. அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் முறைப்படி 'அம்மா' மனைவிதான்.

ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது 'கசின்' என்ற ஒற்றைச் சொல் வந்து காதலிக்கும். சித்தப்பா மகளானால் ஒரே குடும்பப் பெயர், மணம் கூடாது. அத்தை மகள், மாமன் மகள் என்றால் நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் அங்கே சித்தி மகளும், அதாவது அம்மாவின் தங்கை மகளும், அந்த முறைக்குள் வருவாள். தங்கை முறை ஆயிற்றே என்று பதற வேண்டாம். அந்தக் காதலைப் பெரியவர்கள் எதிர்த்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, சீதனத்திலோ அதிகாரத்திலோ தேடுங்கள்.