கைட்சர்ஃபிங்கில் (பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) பெரிய கைட்டுகளை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

ராமேஸ்வரத்தில் வாடைக் காற்று 12 நாட் (knot, காற்றின் வேக அளவு) அளவுக்குக் கீழே இறங்கும் நாட்களில்தான் பெரிய கைட்டுக்கு வேலை. ஆனால் சதுர மீட்டர் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒரே போர்டில், ஒரே காற்றில், அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். நடுவில் காற்று மாறிவிட்டால் ஒப்பீடே வீண்.

முதலில் திருப்பம். கைட்டைத் தலைக்கு மேல் நிறுத்தி, கடிகார முள்ளின் 10-க்கும் 2-க்கும் இடையே ஆட்டுங்கள். 17 சதுர மீட்டர் கைட்டில் பாரை (கையில் பிடித்து கைட்டை ஓட்டும் கம்பி) ஒரு பக்கம் இழுத்ததும் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, அப்புறம்தான் மெதுவாகச் சுழலும். 12 சதுர மீட்டர் கைட் சட்டென்று திரும்பும். அதை எட்டு வடிவில் ஓட்டியே இழுவையைக் கூட்டிக்கொள்ளலாம். 17-ஐ ஆட்டத் தேவையில்லை, நின்ற இடத்திலேயே இழுக்கும். அகலமான பார் போட்டால் அதன் மந்தம் கொஞ்சம் குறையும்.

அடுத்து, காற்று குறையும்போது பாரை முழுக்க உள்ளே இழுத்துப் பாருங்கள். கைட் பின்பக்கமாகச் சரிந்தால், டிரிம் பட்டையை (முன்கயிறுகளின் நீளத்தை மாற்றும் பட்டை) கொஞ்சம் இழுத்து முன்கயிறுகளைச் சுருக்குங்கள். அப்படியும் சரிந்தால் அந்த கைட் மென்காற்றுக்கு ஆகாது.

தண்ணீரில் விழவைத்து எழுப்பியும் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். கனமான கைட் மென்காற்றில் எழவே எழாது. காற்று நிரப்பும் குறுக்குக் குழாய்கள் குறைவான, எடை குறைந்த 15 பல நேரம் 17-ஐ விட நன்றாக உதவும்.

பாரை முழுக்க வெளியே விட்டும் இழுவை அடங்கவில்லையா? உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.