பிரான்சின் வடமேற்குக் கடற்கரைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஐரோப்பாவின் கடலோரங்களில் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு, நார்மண்டியின் எத்ரெத்தாவிலிருந்து பிரிட்டனியின் ப்ளுமனாக் வரையுள்ள கரையைத்தான் நான் முதலில் சொல்வேன். சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள், மதில் சூழ்ந்த துறைமுக நகரம், கடல் நடுவே பாறை மேல் நிற்கும் மோன் சான் மிஷேல் மடாலயம், இளஞ்சிவப்புக் கருங்கற்கள் எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே போகும் நம்மவர்களில் பலர் ஒரே காரணத்தால் ஏமாற்றமடைகிறார்கள். அந்தக் காரணம், கடல்மட்டம் தினமும் ஏறி வற்றும் ஓதம்.

சென்னைக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு பெரிய ஓத நாளில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் கடற்கரைக்குக் கிளம்புமுன் ஓத நேரம் பார்க்கும் பழக்கம், மீனவர்களைத் தவிர, நம்மில் யாருக்கும் இல்லை. மோன் சான் மிஷேல் விரிகுடாவிலோ அந்த வேறுபாடு 14 மீட்டர் வரை போகிறது. நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தண்ணீர் வந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் விமானச்சீட்டும் விடுதியும் பதிவு செய்வதே முதல் தவறு.

பிரான்சில் ஒவ்வொரு நாளின் ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் தருகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த எண் உயரும்; மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை ஒட்டி உச்சத்தைத் தொடும். எண் குறைவாக உள்ள நாட்களில் கடல் மோன் சான் மிஷேல் பாறையின் பக்கத்தில் வருவதே இல்லை. சுற்றிலும் சாம்பல் நிற மணல்தான் தெரியும். 110-ஐத் தாண்டும் நாட்களில்தான் சிறிது நேரத்துக்கு அது உண்மையான தீவாகிறது.

பாரிஸிலிருந்து காலையில் பேருந்தில் கிளம்பி இரவே திரும்பிவிடலாம் என்று நினைப்பதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் என்பது மட்டும் காரணமல்ல. மோன் சான் மிஷேல் விரிகுடாவில் பெரிய ஓத நாட்களின் ஏற்றம் எப்போதும் காலையிலும் மாலை கழிந்தும்தான் வரும். நண்பகலில் கடல் வற்றிக் கிடக்கும். ஆக, மிகச் சரியான தேதியைத் தேர்ந்தெடுத்தவர்கூட நண்பகலில் வந்து இறங்கினால் மணலைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஓர் இரவாவது அருகில் தங்கி, ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மதில் மேல் இடம்பிடித்து நிற்க வேண்டும். வாசல் வரை காரில் போகலாம் என்றும் எண்ண வேண்டாம். மணல் சேரக் காரணமாக இருந்த பழைய கரைச்சாலைக்குப் பதிலாக, தண்ணீர் அடியில் ஓடும்படி கட்டப்பட்ட பாலம் 2014-இல் திறக்கப்பட்டது. கார்களை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, நடந்தோ இலவசப் பேருந்திலோ செல்ல வேண்டும்.

அந்த விரிகுடா மணலில் வழிகாட்டி இல்லாமல் நடப்பதை இங்கே எழுதியுள்ள எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு என்பேன். காலை உள்ளிழுக்கும் புதைமணல் ஒருபுறம் இருக்கட்டும். கடல் நேர் எதிரே மட்டும் வருவதில்லை. தாழ்வான ஓடைகளில் முதலில் நிறைந்து, நடப்பவரின் முதுகுப்பக்கம் வழியை அடைத்துவிடுகிறது. எதிரே பார்த்துக்கொண்டே போகிறவருக்கு அது கடைசி வரை தெரியாது. முறையான வழிகாட்டிகளுடன் வெறுங்காலில் விரிகுடாவைக் கடக்கும் நடைகள் இருக்கின்றன; அவற்றில் சேர்ந்துகொள்ளலாம்.

மதில் சூழ்ந்த துறைமுக நகரமான சான் மாலோவில் இதே தவறு சற்றுச் சிறிய அளவில் நடக்கிறது. நகர மதிலுக்கு எதிரே உள்ள கிரான் பே தீவில், 1848-இல் மறைந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை கடலை நோக்கி இருக்கிறது. வற்றத்தின்போது பாசி படிந்த கற்பாதை ஒன்று வெளிப்படும். அதில் நடந்து போகலாம். மேலே காற்றில் நின்று நேரத்தை மறந்தவர்கள் இறங்கி வரும்போது பாதையின் நடுப்பகுதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கணுக்கால் அளவுதானே என்று அதில் இறங்கக் கூடாது. கடல் ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் பாதியளவு ஏறிவிடும். மெதுவாகத்தானே ஏறுகிறது என்று தொடக்கத்தில் போடும் கணக்கு பொய்த்துப்போவது இதனால்தான். பாதை மூடிவிட்டால் தீவிலேயே அடுத்த வற்றம் வரை காத்திருப்பதுதான் சரி.

ஓத அட்டவணையைப் பார்த்தும் தவறு செய்பவர்கள் உண்டு. பிரெஸ்ட் துறைமுகத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு சான் மாலோவுக்குப் போனால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிசகும். சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்வது எளிது.

எத்ரெத்தாவில் பலர் சுண்ணாம்பு வளைவுகளைப் படம் எடுக்கச் சரிவின் விளிம்பு வரை போகிறார்கள். விளிம்பு உறுதியானதல்ல, மழையும் அலையும் அரித்துப் பாறை திடீரெனச் சரிவது அங்கே வழக்கம். கீழே கடலோரமாக அடுத்த வளைவுக்குப் போகிறவர்களும், கடல் ஏறத் தொடங்கினால் ஒதுங்க இடமில்லாமல் சிக்கிக்கொள்வார்கள். கூழாங்கற்களை எடுத்து வருவதற்கும் தடை இருக்கிறது.

ப்ளுமனாக்கைக் காரில் வந்து பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போவது வீண். சுங்கக் காவலர்கள் ரோந்து சென்ற பழைய கடலோரப் பாதையில் பெரோ கிரெக்கிலிருந்து நடந்து வந்தால்தான் அந்த இளஞ்சிவப்புக் கருங்கற்களின் உருவங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். நிறம் நன்றாகத் தெரிவது மாலை வெயிலில். ஆகஸ்டில்கூட மழைச்சட்டை தேவைப்படும், கடல்நீரும் குளிர்ந்தே இருக்கும்.

கடைசியாக, விசா. சான் மாலோவிலிருந்து ஜெர்சி தீவுக்குக் கப்பல் போகிறது. ஒரு நாள் போய் வரலாமே என்று ஆசை வரும். ஜெர்சி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா செல்லும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்ததல்ல. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அங்கே இறங்கத் தனி விசா தேவை. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் வந்தவர் அங்கே போய்விட்டால் பிரான்சுக்குள் திரும்பி நுழையவும் முடியாது. ஜெர்சியும் திட்டத்தில் இருந்தால், ஊரிலிருந்து விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவைக் கேளுங்கள், ஜெர்சிக்கான விசாவையும் கையோடு வாங்கிவிடுங்கள்.