பதிவில்லாத திருமணத்தை நிரூபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப நீதிமன்றத்தில் இளம் வக்கீல்கள் போடும் ஜீவனாம்ச மனுக்களைப் படிக்கும்போது, பழைய தவறுகளே திரும்ப வருகின்றன. தேதிப் பிழை, விட்டுப்போன கையெழுத்து எல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். வழக்கையே கவிழ்ப்பவை வேறு.

வருஷக் கணக்கை மட்டும் நம்புவது

இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் திருமணம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1978-இல் உச்ச நீதிமன்றம், சுமார் 50 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தம்பதி என்றே அனுமானித்தது. ஆனால் அது அனுமானம்தான். எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டி உடைக்கலாம்.

முதல் திருமணத்தைப் பற்றிக் கேட்காமலே மனு போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 2010-இல், கோவை குடும்ப நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு, குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் 'திருமணம் போன்ற உறவு' என்பதற்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னது: ஊர் முன் கணவன் மனைவியாக நடந்துகொள்ள வேண்டும், திருமண வயது வேண்டும், இருவரும் மணமாகாதவர்களாக, மணம் செய்யத் தகுதியோடு இருக்க வேண்டும், விருப்பப்பட்டு கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். எல்லோரும் நான்காவதிலேயே நின்றுவிடுகிறார்கள். இடறுவது மூன்றாவதில்.

ஒரு அம்மா. இரண்டு பிள்ளைகள், வாடகை ஒப்பந்தம், பிரசவச் சீட்டு எல்லாம் கச்சிதமாக இருந்தன. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், அவர் கணவர் என்று சொன்ன ஆளின் பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். "ஊர்ப் பஞ்சாயத்துல தீர்த்துட்டேன்னு சொன்னாருங்க" என்றார் அந்த அம்மா. மனுவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டென்று சொல்லி நிரூபித்திருக்கலாம். அந்த ஆள் மறைத்திருந்தால், மறைத்ததையே முன்வைத்திருக்கலாம்: முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியவர், ஜீவனாம்சம் கேட்பவளை மனைவியே இல்லை என்று தள்ள முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் திருமணம் தெரிந்தே அவள் அவருடன் போனதாக ஆகிவிட்டால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கதவும் அடைபடும். அதுவும் 2013 தீர்ப்புதான். ஆகவே அவளுக்கு எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பதை முதல் நாளே கேட்டு மனுவில் எழுதுங்கள்.

அந்த முதல் திருமணமே பொய் என்பது உங்கள் வாதமா? அப்படியானால் முதல் மனைவி என்று சொல்லப்படுபவரையும் வழக்கில் சேருங்கள். கோவை வழக்கில் அப்படிச் சொல்லப்பட்டவரைக் கேட்காமலே அவருடைய திருமணம் நடக்கவே இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் முடிவெடுத்ததால்தான் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

ஆதாரை மட்டும் நீட்டுவது

போதாது.

சேர்ந்து வாழ்ந்ததால் திருமணம் என்ற அனுமானத்தை இருதார வழக்குக்குக் கொண்டுபோவது

எடுபடாது. அங்கே சடங்கு நடந்ததையே நிரூபிக்க வேண்டும்.

மாலை மாற்றியதைக் கேட்காமல் விடுவது

"கோயில்ல சும்மா மாலை மாத்திக்கிட்டோம்" என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது சும்மா இல்லை. 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, இரு இந்துக்கள் உறவினர், நண்பர் போன்றோர் முன் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அது செல்லுபடியாகும் திருமணம், புரோகிதர் தேவையில்லை. அன்று கூட நின்ற ஒருவரைத் தேடிப்பிடித்தால், அனுமானத்தை நம்பி வழக்கு நடத்த வேண்டியதே இல்லை.