கோபி மீன் வளர்ப்பு: பட்டினியும் மற்ற தவறுகளும்

அலங்கார மீன் கடையில் கோபி (பெரும்பாலும் தரையோரமாக வாழும் மீன் குடும்பம்) என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது, மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்ட பம்பிள்பீ கோபிதான். தென்கிழக்காசிய மீன். நன்றாக வளர்ந்தாலே மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். வாங்கி வந்த சில வாரங்களில் இது ஒவ்வொன்றாகச் சாகும்போது பலரும் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள். ஆனால் அநேகமாகக் காரணம் நோய் இல்லை, பட்டினி.

பம்பிள்பீ கோபிக்கு அசைவதுதான் உணவு. தரையில் கிடக்கும் குருணைத் தீனியை அது ஏறெடுத்தும் பார்க்காது. “எல்லாம் சாப்பிடும் சார்” என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நாமும் குருணையைப் போடுவோம், சற்று நேரத்தில் காணாமல் போயிருக்கும், மீன் தின்றுவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். உண்மையில் அந்தக் குருணை கற்களுக்கு இடையில் விழுந்து அழுகிக்கொண்டிருக்கும். மீன் பசியால் மெலியும், அழுகிய தீனியால் தண்ணீரும் கெடும்.

ஆகவே மீனை வாங்கும் முன்பே தீனிக்கு வழி செய்துவிடுங்கள். ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலின் முட்டைகளை உப்புத் தண்ணீரில் ஏர் பம்ப் போட்டு வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். மொய்னா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சியை வளர்ப்பது இன்னும் எளிது. உறைய வைத்த ரத்தப்புழு கொடுப்பதானால் உருக வைத்து, சிறிதாக நறுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மீனின் முகத்துக்கு முன்னால் மெல்லத் தள்ளுங்கள். புழு அசைந்து போகும்போது மீன் தலையைச் சற்றே திருப்பும், ஒரு நொடி நிற்கும், சட்டென்று தாவிக் கவ்வும். அந்தத் தாவலைக் கண்ணால் பார்க்காதவரை அது சாப்பிட்டதாகக் கணக்கில் வைக்காதீர்கள். சாக்கடை ஓரத்தில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், நோயை அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.

வயிற்றைப் பக்கவாட்டில் பார்த்துப் பழகுங்கள். அடிவயிறு லேசாக உருண்டிருந்தால் சரி. உள்வாங்கி ஒட்டியிருந்தால் அந்த மீன் பல நாளாகவே பசியில் இருக்கிறது. கடையிலேயே ஒட்டிய வயிறோடு இருக்கும் மீனைப் பாவம் பார்த்து வாங்கினால், பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, கப்பி, டெட்ரா கூட்டத்தோடு சேர்த்து விடுவது. அவை சுறுசுறுப்பானவை. கோபி யோசித்து முடிப்பதற்குள் தீனி காலியாகிவிடும். பம்பிள்பீக்குத் தனித்தொட்டிதான் நல்லது. அதில் இரண்டு மூன்று மட்டும் விட்டால் வலுத்தது மற்றவற்றை விரட்டிக்கொண்டே இருக்கும். ஆறுக்கு மேல் விட்டு, ஒன்றை ஒன்று எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதபடி கற்களும் மறைவுகளும் வைத்தால் சண்டை பரவி நீர்த்துவிடும்.

அப்புறம் உப்பு. இது நன்னீர் மீனா, உவர்நீர் மீனா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. பம்பிள்பீ கோபி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் விற்கப்படுகின்றன. கடைப் பட்டியலில் பிராக்கிகோபியஸ் சாந்தோசோனஸ் என்று அறிவியல் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே பிராக்கிகோபியஸ் வகையின் டோரியே இனமோ சபானஸ் இனமோதான். இவை தாதுக்கள் நிறைந்த கடின நீரில் உப்பே இல்லாமல் நன்றாக வாழும், லேசான உப்பிலும் வாழும். உண்மையான தவறு வேறு இடத்தில் இருக்கிறது. குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது என்று அதை நிரப்புகிறார்கள். அதில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை, பி.எச். (அமில, கார அளவு) நிலையாக நிற்காது. சென்னைப் பக்கத்து போர் தண்ணீர் பல மீன்களுக்கு அதிகக் கடினம் என்பார்கள், இந்த மீனுக்கு அது ஒத்துக்கொள்ளும். உப்பு சேர்ப்பதானால் சமையல் கல் உப்பு போதாது, கடல் மீன் தொட்டிக்கான உப்புக் கலவையை லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் வரை, பல நாட்களில் படிப்படியாகச் சேருங்கள். கல் உப்பில் சோடியம் குளோரைடுதான் இருக்கிறது. கலவையில் கால்சியமும் மக்னீசியமும் பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்கும் உப்புகளும் உண்டு.

குளத்தில் பிடித்த சிறிய உளுவையைத் தொட்டியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கோபி குடும்பத்து மீன்தான், ஆனால் ஓர் அடி அளவுக்கு வளரக்கூடிய வேட்டை மீன். கூட இருக்கும் சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரியும்.

குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மீனின் அழகுக்கு முன்னால் முட்டையின் அளவை விசாரிக்க வேண்டும். நீலமாக மின்னும் ஸ்டைபோடான் கோபியைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். ஆனால் அதன் முட்டை மிகச் சிறியது. ஓடையில் பொரிக்கும் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடலுக்குப் போய், மாதக்கணக்கில் அங்கே மிதந்து வளர்ந்து, பிறகுதான் ஆற்றுக்குத் திரும்பும். தொட்டியில் முட்டை போடும், பொரிக்கும். ஆனால் நன்னீரிலேயே விட்டால் குஞ்சுகள் சில நாட்களில் செத்துவிடும். இலங்கையில் மட்டுமே வாழும் லிப்ஸ்டிக் கோபியும் இதே வகைதான். கடைக்கு வரும் இந்த மீன்கள் பெரும்பாலும் ஓடையில் பிடிக்கப்பட்டவை, அதனால் வாங்குவதற்கு முன் இருமுறை யோசிப்பது நியாயம். ஸ்டைபோடான் பாசி மேய்ந்து வாழ்வது. கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்து வைத்த புதுத் தொட்டியில் அது மெலிந்தே போகும்.

இதற்கு நேர்மாறாக, ஹாங்காங், குவாங்டோங் ஓடைகளைச் சேர்ந்த ரைனோகோபியஸ் டுவோஸ்பைலஸ் பெரிய முட்டை இடும். அதன் குஞ்சு பொரிந்த சில நாட்களிலேயே ஆர்ட்டீமியா குஞ்சைத் தின்னும், கடல் தேவையில்லை. ஆனால் அது குளிர்ச்சியும் பிராணவாயுவும் நிறைந்த ஓடை நீரில் பழகியது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு அருமையான மீன். சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்க வசதி இல்லாதவர் அதை வாங்கக் கூடாது. சமவெளியில் முதன்முறை குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது பாப்புவா நியூகினியின் பீகாக் கட்ஜன். கோபிக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு குடும்பம். உறைந்த தீனியைத் தயங்காமல் எடுக்கும். தாவிக் குதிக்கும் என்பதால் மூடி மட்டும் கட்டாயம்.

முட்டை போட இவை எல்லாமே குகை தேடும். பெரிய அலங்காரக் குகைகளை வாங்கி வைப்பது வீண். வயரிங் வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை அடைத்துப் படுக்க வையுங்கள். பம்பிள்பீக்கு ஒல்லிக் குழாய், கட்ஜனுக்குச் சற்று அகலம். ஆண் மீன்களின் எண்ணிக்கையைவிடக் குழாய்கள் கூடுதலாக இருக்கட்டும். ஆண் ஒரு குழாயைவிட்டு நகராமல், வாசலில் தலை நீட்டியபடி துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தால் உள்ளே கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கின்றன.

அப்போது டார்ச் அடித்து அடிக்கடி எட்டிப் பார்க்கக் கூடாது. மிரண்ட ஆண் முட்டைகளைத் தின்றுவிடும். ஆண் மீனை அப்புறப்படுத்திவிட்டு நாமே பொரிக்க வைக்கலாம் என்று அவசரப்படவும் வேண்டாம். கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எடுத்து, பூஞ்சை பரவாமல் காப்பது அதுதான். பொரிக்கும் தறுவாயில், முட்டைக்குள் கண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்ததும், குழாயைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் ஒரு டப்பாவுக்குள் நழுவவிட்டு, அதே தண்ணீரோடு குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும், காற்றைக் குறைத்து.

பம்பிள்பீ குஞ்சு எடுப்பவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். கண்ணாடிச் சில் போல இருக்கும் அந்தக் குஞ்சுகளின் வாய்க்கு ஆர்ட்டீமியா குஞ்சுகூடப் பெரியது. முதல் நாட்களுக்கு ரோட்டிஃபர் அல்லது இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி வேண்டும். முட்டையைப் பார்த்த பிறகு இந்தத் தீனியை வளர்க்கத் தொடங்கினால் நேரத்துக்குக் கிடைக்காது. வெயிலில் வைத்த, பாசியால் பச்சையான தண்ணீர் வாளியும் ரோட்டிஃபர் வளர்ப்பும் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குஞ்சுத் தொட்டித் தண்ணீர் லேசாகப் பச்சையாக இருந்தால் ரோட்டிஃபரும் உள்ளேயே உயிரோடு இருக்கும்.

மிதந்து திரிந்த குஞ்சுகள் ஒரு கட்டத்தில் தரையில் உட்காரும், பட்டைகளும் தெளியும். இனி பெரிய மீன் என்று தீனியைக் குறைத்துவிடாதீர்கள். அப்போதும் அவற்றுக்கு அசையும் இரைதான் வேண்டும், ஆனால் தரையோரமாகக் கிடைக்க வேண்டும். ஆர்ட்டீமியாவை நாளுக்கு இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக அடியில் விடுங்கள். செத்த இரையை மெல்லிய காற்றுக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதோடு வெளியேறிய தண்ணீரின் அளவுக்கு மட்டும் அதே வெப்பமுள்ள தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.